வாரத்துக்கு ஒன்று

எதைப் பார்த்தாலும் "ச்சீ" என்பது யேசுதாசின் வழக்கம். தொம்மலூரில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் பேஸ்மென்ட்டில் வண்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்துவது அவர் வேலை. ஸ்கூட்டர் சீட்டின் மேல் யாராவது பாதி தின்ற பர்கரை வைத்துவிட்டுப் போனால் ச்சீ. தூணோரம் பான் துப்பியிருந்தால் ச்சீ. லிஃப்ட் கதவு திறந்ததும் ஆட்களுக்கு முன்னால் இறங்கி வரும் சென்ட் வாசனைக்கும் அதே ச்சீதான். கூட வேலை பார்க்கும் ராம்கி, அவரும் நாற்பதைத் தாண்டியவர்தான், 'ச்சீ அண்ணன்' என்றே பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயரைக் கேட்டாலும் யேசுதாஸ் முகத்தைச் சுளிப்பார்.

வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது கோலார் தங்க வயலில். அப்பா பூமிக்கடியில் தங்கம் வெட்டினார், மகன் பூமிக்கடியில் கார் நிறுத்துகிறான் என்று அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு. கல்யாணமானதும் மர்பி டவுனுக்குக் குடிவந்தவர். மனைவி அவர் குடியை விடும்வரை காத்திருக்கவில்லை. சர்க்கரை வியாதி அவளை முந்திக்கொண்டு கூட்டிப்போய்விட்டது. அடக்கம் முடிந்த வாரம் மகள் பிரிசில்லா, குரலை உயர்த்தாமல், அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"டாடி, இன்னொரு வாட்டி குடிச்சேன்னா நான் பொட்டியைத் தூக்கிகினு போய்டுவேன். எங்க போறேன்னும் சொல்ல மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அது யேசுதாசுக்குத் தெரியும். அன்றிலிருந்து எட்டு வருஷமாக அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை.

விட்ட விதம் இதுதான். மர்பி டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சின்ன ஹாலில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடுகிறார்கள். ஏஏ கூட்டம் என்பார்கள். அங்கே அவருக்குத் துணையாக வாய்த்தவர் எரிக், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "வாழ்நாள் பூரா குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாதே பிரதர், நெஞ்சு அடைச்சுடும். இன்னைக்கு ஒரு நாள். நாளைக்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். யேசுதாஸ் தினமும் பல் தேய்த்ததும், கண்ணாடியைப் பார்த்து, "இன்னைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்" என்பார். அதற்குப் பிறகுதான் காப்பி. வாரம், மாதம், வருஷம் எல்லாம் அவருக்கு மற்றவர்களின் அளவு. அவர் வாழ்வது நாள் கணக்கில்.

போன மழைக்காலத்தில் கட்டடத்தில் ஒரு ஹெல்த் கேம்ப் நடந்தது. மருந்து விற்கும் ஏதோ ஒரு கம்பெனி அதை நடத்தியது. முதல் பேஸ்மென்ட்டில் மேஜைகள், பலூன்கள், மைக் பிடித்த ஒரு பெண். பின்னால் ஆளுயர பேனரில் ஒரு மனித உடம்பு. எலும்பு, தசை, இதயம், கணையம், மூளை, தலைமுடி என்று எல்லா இடத்திலிருந்தும் கோடு இழுத்து, ஒரே சூரியனில் கொண்டுபோய் முடித்திருந்தார்கள். சூரியனுக்குப் பல் வரிசை வேறு. சர்க்கரையா, வைட்டமின் டி. மனச்சோர்வா, வைட்டமின் டி. முடி கொட்டுகிறதா, அதுவும் வைட்டமின் டி.

மேலே வேலை பார்ப்பவர்களுக்கு முந்தின வாரமே பரிசோதனை முடிந்திருந்தது. லிஃப்டிலிருந்து இறங்கும்போது, யாருக்கு எவ்வளவு குறைவு என்று அதே பேச்சு.

"எனக்கு பதினொண்ணு ப்ரோ."

"எனக்கு ஒன்பதுதான். டாக்டரே ஷாக் ஆயிட்டாரு."

ஒன்பதுக்காரன் முகத்தில் பெருமை வழிந்தது. யேசுதாஸ் ச்சீ என்று திரும்பிக்கொண்டார். உடம்பில் இல்லாததைக்கூட ஒருத்தன் காட்டிக்கொள்வானா?

கீழ்த்தளத்து ஆட்களின் முடிவு வந்தபோது அவருடைய எண் நாலு. கட்டடத்திலேயே அதுதான் கடைசி. வெளிச்சம் ஏறுமுன் சரிவில் இறங்கி, டியூப்லைட்டுக்கடியில் சாப்பிட்டு, இருட்டியபின் மேலே வருகிற மனிதருக்கு வேறு எத்தனை இருக்கும்?

ராம்கி கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணா, மேல இருக்கறவன் எல்லாம் தோத்துட்டான். நீங்கதான் பர்ஸ்ட் ரேங்க்!"

"தூ, போய்யா அந்தப் பக்கம்."

கேம்ப் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: வாரத்துக்கு ஒரு பாட்டில், எட்டு வாரம், சாப்பிட்ட பிறகு, பாலோடு. பிறகு மறுபடி பரிசோதனை. பாட்டில் என்றால் சுண்டு விரல் நீளம். உள்ளே ஆரஞ்சு வாசனையோடு ஒரு மடக்குத் தண்ணீர்.

மருந்து அவருக்குத் தேவைதான், அதில் பொய்யில்லை. தொடையும் இடுப்பும் வருஷக்கணக்கில் வலித்துக்கொண்டிருந்தன. கார்கள் போகும் சரிவில் நடந்து ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். இரண்டு மூன்று பாட்டில் உள்ளே போனதும் அந்த வலி மெல்ல இறங்கியது. ஒரு நாள் சுவரைப் பிடிக்காமலே மேலே ஏறி வந்துவிட்டார். நின்று திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு எதற்கும் ச்சீ சொல்லவில்லை என்று ராம்கி ஊரெல்லாம் சொன்னார்.

கேம்ப்காரர்கள் போகும்போது மிச்சமிருந்த பாட்டில்களை அட்டைப்பெட்டியோடு விட்டுப்போயிருந்தார்கள். காலாவதி தேதி பக்கத்தில் வந்துவிட்டதால் அவர்களுக்கும் வேண்டாம். சூப்பர்வைசர் சேஷகிரி அதைத் துடைப்பங்களும் பினாயிலும் இருக்கும் அறையில் தள்ளிவிட்டு, "யாருக்காவது பேக்குன்னா, வேணும்னா எடுத்துக்குங்க" என்றார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. யேசுதாஸ் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வாரத்துக்கு ஒன்று எப்படி நாளுக்கு ஒன்றானது என்பதை அவரால் பிறகு சரியாகச் சொல்ல முடியவில்லை. போன செவ்வாய் குடித்தோமா என்ற சந்தேகத்தில் ஒரு புதன்கிழமை குடித்தார். பிறகு வியாழனும். நல்லது எதுவானாலும் அதை தினமும் செய்துதானே அவருக்குப் பழக்கம்? பல் தேய்த்ததும் கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியம், அடுத்து பாட்டில், அடுத்து ஒரு தம்ளர் பால். சத்துதானே, விஷமா என்று நினைத்தார். பேனரில் அத்தனை வியாதி எழுதியிருந்தவர்கள், அதிகமானால் என்ன ஆகும் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதவில்லை.

மழை நின்று குளிர் ஆரம்பித்தபோது அவருக்கு சோறு கசந்தது.

முதலில் பேஸ்மென்ட்டின் புகை நாற்றம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. பிறகு காப்பி. பிறகு பால். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பிரிசில்லா மிளகு தூக்கலாகப் போட்டு மாட்டுக்கறி வறுத்தாள். அவருக்கு மிகவும் பிடித்தது. வாசனை வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். எப்போதும் வெளியில் இருந்த அருவருப்பு இப்போது உள்ளேயிருந்து கிளம்பியது. நாக்கில் துரு. சட்டையில் தன் வியர்வை, தலையணையில் தன் எச்சில், எல்லாமே குமட்டியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம், குடித்ததும் சிறுநீர். வயிறோ நாலைந்து நாளைக்கு அசையாது. வேலையில் ஒரு காரை நிறுத்தச் சொல்லி கையைக் காட்டிவிட்டு, எந்தப் பக்கம் காட்டினோம் என்பதை மறந்து நின்றார். டிரைவர் கன்னடத்தில் திட்டினான்.

பிரிசில்லா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறாள். வரும் சரக்கையும் போகும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலை. தள்ளாட்டம், வாந்தி, மறதி, கை நடுக்கம், எரிச்சல். இதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே பாடம்.

ஒரு சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும் நேரே முன்னால் வந்து நின்றாள்.

"டாடி, ஊது."

"இன்னாது?"

"வாயை ஊதுன்னேன்."

"பைத்தியமா உனக்கு? எட்டு வருஷம்!"

"ஊது."

ஊதினார். அவள் மூக்கைச் சுருக்கினாள். பட்டினி கிடந்த வயிற்றின் நாற்றம் மட்டும்தான் வந்திருக்கும்.

"பாத்தியா? இல்லியே?"

"வோட்காக்கு நாத்தம் வராதுன்னு நீதான் ஒரு நாள் மம்மிகிட்ட சொல்லிச் சிரிச்ச."

அவர் கோபத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். பேச்சை முடிக்குமுன் மறுபடி குமட்டிக்கொண்டு வர, ஓடவேண்டியதாயிற்று. ஓடுகிற ஓட்டமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் பிரிசில்லா வீட்டைத் தேடினாள். எங்கே தேட வேண்டுமென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்ரூம் பரணில், பழைய பக்கெட்டுக்குப் பின்னால், பழந்துணி சுற்றி, கைநிறையக் கைநிறைய சின்னக் காலி பாட்டில்கள். முந்தைய காலத்தில் பிராந்தி இருந்த அதே இடம். பாட்டிலில் மருந்தின் பெயர் ஒட்டியிருந்தது. அதை அவள் நம்பவில்லை. இருமல் மருந்து பாட்டிலில் பிராந்தி ஊற்றிவைத்து, அதையே மனைவியின் முன்னால் மூன்று வேளையும் குடித்த மனிதர் அவர்.

அன்று மாலை அவர் வந்தபோது, எரிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தரையில் செய்தித்தாள் விரித்து, பாட்டில்களைப் பரப்பிவைத்திருந்தாள் பிரிசில்லா. உள்ளறைக் கதவோரம் அவளுடைய நீலப் பெட்டி, பூட்டி நிறுத்தியிருந்தது. யேசுதாஸ் பாட்டில்களைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்.

"அது வைட்டமின்" என்றார்.

"யாரும் இத்தனை வைட்டமின் குடிக்க மாட்டாங்க."

"கேம்ப்ல குடுத்தாங்க. எரிக், நீ சொல்லு. நான் உன்கிட்ட பொய் சொல்வேனா?"

எரிக் ஒரு பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். "ஆரஞ்சு வாசனை வருது. இப்ப எல்லாத்துலயும் ஆரஞ்சு போடறான். கையை நீட்டு பிரதர்."

நீட்டினார். இரண்டு கையும் தனித்தனியாக நடுங்கின.

எரிக் தலையைக் குனிந்துகொண்டார். "நான் உன்னைத் திட்டல. விழறது எல்லாருக்கும் நடக்கும். விழுந்தேன்னு ஒத்துக்கோ, அது போதும்."

"விழலையே! விழாததை எப்படிய்யா ஒத்துக்கறது?"

"பொம்மசந்திரா பக்கத்துல குடியை விட வைக்கற சென்டர் ஒண்ணு இருக்கு" என்றாள் பிரிசில்லா. "நாளைக்குக் காலையில போறோம். வந்தேன்னா நான் இருக்கேன். வரலேன்னா அந்தப் பெட்டியோட நான் கிளம்பறேன்."

அவருக்கு இருவரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. எட்டு வருஷம் ஒவ்வொரு நாளாகச் சேர்த்ததை, ஒரு பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு இல்லையென்று சொல்கிறார்கள். "வரேன்" என்றார். "ரத்தம் எடுக்கச் சொல்லு, மூத்திரம் எடுக்கச் சொல்லு. அப்புறம் உங்க ரெண்டு பேர் மூஞ்சியை நான் பார்க்கணும்."

அந்த வீம்புதான் அவரை சென்டர் வாசல்வரை நடத்திக் கூட்டிப்போனது.

சென்டரில் பினாயிலும் வேகவைத்த முட்டையும் கலந்த நாற்றம். தாழ்வாரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அங்கிள், எந்த பிராண்டு?"

"ஆரஞ்சு" என்றார் யேசுதாஸ் கடுப்பாக. அவன் ஆச்சரியப்பட்டு, "புதுசா வந்திருக்கா?" என்றான்.

யாரையும் சேர்த்துக்கொள்ளும் முன்னால் அங்கே ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஈரல், சிறுநீரகம், உப்புகள், சுண்ணாம்புச் சத்து. டாக்டர் அதிதி இளம்பெண். காகிதத்தைப் படித்தவள், ஏதோ தப்பு என்பதுபோல் இரண்டாவது முறை படித்தாள். அவரிடம் வராமல் பிரிசில்லாவிடம் போனாள்.

"இவர் தண்ணி போட்டதுக்கு இதுல ஒண்ணும் தெரியல. கால்சியம்தான் பயங்கரமா ஏறியிருக்கு. கிட்னி திணறுது. என்ன மருந்து சாப்பிடறார்?"

பிரிசில்லா கைப்பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தாள். சாட்சிக்காக எடுத்து வந்தது. அதிதி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது வாரத்துக்கு ஒண்ணு. எப்படி எடுத்தீங்க?"

"தினமும்" என்றார் யேசுதாஸ்.

"எத்தனை நாளா?"

"கேம்ப் முடிஞ்சு ஒரு மாசத்துல இருந்து."

அதிதி போனைக் கையில் எடுத்தாள். பிறகு, "ஆம்புலன்ஸ் சொல்றேன். இவரை இங்க வச்சுக்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். காத்திருக்கும் நேரத்தில் கன்னடமும் தமிழுமாகக் கலந்து விளக்கினாள். இந்த வைட்டமின் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கிக்கொள்ளும். சாப்பாட்டிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பை இழுத்து ரத்தத்தில் கொட்டும். குமட்டல், தாகம், மலச்சிக்கல், தடுமாற்றம் எல்லாம் அதன் வேலை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போயிருந்தால் சிறுநீரகம் கைவிட்டிருக்கும்.

"எனக்கு நாலுதான் இருந்துச்சு. சர்க்கரைக்கு, மனசுக்கு, எல்லாத்துக்கும் நல்லதுன்னு பேனர்ல போட்டிருந்தானே?" என்றார் யேசுதாஸ்.

"எலும்புக்கும் தசைக்கும் வேணும், அதுல சந்தேகமில்ல. மத்த வியாதி இருக்கறவங்களுக்கும் இது கம்மியா இருக்கறது நிஜம். ஆனா வியாதிக்காரங்க வெயில்ல போறதே கம்மி, அதனாலயும் குறையலாம். நம்பரை ஏத்திட்டா வியாதி ஓடிடும்னு யாரும் நிரூபிக்கல. நாலு ஆபத்துதான். அதுக்காக இருநூறுக்கு ஏத்திக்கிட்டா அது ஆரோக்கியம் இல்ல."

யேசுதாஸ் மகள் பக்கம் வெற்றியோடு திரும்பினார். நேற்றிலிருந்து இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தார். பிரிசில்லா சுவரில் சாய்ந்து, முகம் வெளுத்து நின்றாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் நம்பியிருந்தால் இன்று காலையும் பல் தேய்த்துவிட்டு ஒன்றைத் திறந்திருப்பார். நம்பாததுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வெற்றி வாயில் புளித்தது.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் டிரிப் ஏறியது. பால், தயிர், வெயில் மூன்றும் கொஞ்ச நாளைக்குக் கூடாதென்றார்கள். உடம்பில் தங்கியது கரைய மாதங்கள் ஆகலாம். எரிக் வந்து கட்டிலோரம் நின்றார். "மறுபடி இதே மாதிரி பார்த்தா, மறுபடியும் நான் இதையேதான் சொல்வேன் பிரதர்" என்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் பிற்பகல் தலை தெளிந்தது. பிரிசில்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீலப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்க அவருக்குப் பயம். வேறு விதமாகக் கேட்டார்.

"இப்பவாவது நம்புறியா?"

"ரிப்போர்ட்டை நம்புறேன்."

"என்னை?"

"மருந்துன்னா ஏன் டாடி ஒளிச்ச?"

பதில் தயாராகத்தான் இருந்தது. ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்தது, சேஷகிரி கேட்டால் வம்பு. சொன்னார்.

"அவர்தானே எடுத்துக்கச் சொன்னாரு. நேத்து போன் பண்ணிக் கேட்டேன்."

"குப்பையில போட்டா தப்பா நினைப்பேன்னு..."

"அதுக்கு பரணா?"

அடுத்த பதிலைத் தேடினார். சின்ன வயது பிரிசில்லாவுக்கு, அவள் அம்மாவுக்கு, முதலாளிகளுக்குச் சொன்ன எத்தனையோ பதில்களின் ருசி நாக்கில் ஏறியது. எல்லாமே பழைய நாற்றம். ஒன்றையும் வெளியே எடுக்கப் பிடிக்கவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார் மெல்ல.

"மருந்தா?"

"மருந்து இல்ல. ஒளிக்கிறது. கதவைச் சாத்திகினு குடிச்சு, காலியைப் பரண்ல சொருகறப்போ... எனக்குன்னு ஒண்ணு இருக்கற மாதிரி. முதல் நாளே கை அங்கதான் போச்சு. நான் சொல்லவே இல்ல, அதுவாப் போச்சு. வாரத்துக்கு ஒரு தடவை அந்த சுகம் எனக்குப் பத்தல." மூச்சு வாங்கினார். "சொல்றதுக்கே அசிங்கமா கீது."

பிரிசில்லா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதை நம்புறேன்" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கூட்டத்துல இதைச் சொல்லு."

"வைட்டமின் குடிச்சேன்னு சொன்னா சிரிப்பானுங்க."

"ஒளிச்சதைச் சொல்லு. அதுக்கு ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

சரியென்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் குடல் மேலே எழும்பியது. அவள் சட்டென்று பிளாஸ்டிக் பேசினைத் தாடைக்குக் கீழே பிடித்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள், கையை மட்டும் எடுக்கவில்லை. எல்லாம் அடங்கியதும் பேசினை அவர் மடியில் வைத்தாள்.

"எழுந்திரு. இதை நீதான் கழுவணும்."

"நர்ஸ் வரட்டுமே."

"நர்ஸ் வேண்டாம். ஸ்டாண்டை நான் தள்ளிகினு வரேன், நட."

யேசுதாஸ் காலைத் தரையில் ஊன்றினார். ஒரு கையில் பேசின், மறு கையில் டிரிப் ஊசி. பின்னால் அவள் தள்ளிவந்த ஸ்டாண்டின் சக்கரம் கிறீச்சிட்டது. வார்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்து வழிவிட்டார்கள்.